ஒவ்வொரு வார்த்தையையும் துரத்த வேண்டாம்

கேள்வி: தோழி சொன்னாளே என்று ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ படத்தைப் போட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒரு சப்டைட்டிலைப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இது காதல் படமா, கொலைப் படமா என்றே புரியவில்லை. இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மறுபடி பார்க்கலாமா?

பதில்: கட்டாயம் பாருங்கள், மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான். வார்த்தை விடாமல் பிடிக்க வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1940-இல் ஹோவர்ட் ஹாக்ஸ் வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தார். வசனத்தின் தலையிலும் வாலிலும் முக்கியமில்லாத சொற்களாக வைத்ததால், அவை அடுத்தவர் பேச்சில் அமுங்கிப் போனாலும் விஷயம் தப்பாது.

முதல் தடவை யார் யாருக்கு ஈடு கொடுத்துப் பேசுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். பத்திரிகை ஆசிரியர் வால்டராக கேரி கிராண்ட், அவருடைய முன்னாள் மனைவியும் முன்னாள் நிருபருமான ஹில்டியாக ரோசலிண்ட் ரஸ்ஸல். நாளைக்கு எனக்கு வேறொருவரோடு கல்யாணம் என்று சொல்லத்தான் அவள் ஆபீசுக்கு வருகிறாள், வந்ததும் சண்டைதான், ஆனால் இவர் பாதி சொல்லும்போதே அவளுக்கு மீதி தெரிந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் இந்தப் படத்தின் காதல். மாப்பிள்ளை புரூஸ் இன்சூரன்ஸ்காரர், தங்கமான மனிதர், நிதானமாகப் பேசுவார். பாவம், அந்த நிதானமே அவரைத் தள்ளி நிறுத்திவிடுகிறது. இதற்கு மூலமான 1928 நாடகத்தில் ஹில்டி ஓர் ஆண்! பெண்ணாக மாற்றியதால்தான் இந்தக் காதலே வந்தது.

சரி, கொலை? சுட்டது யார் என்ற மர்மம் கிடையாது. ஏர்ல் வில்லியம்ஸ் ஒரு போலீஸ்காரரைச் சுட்டான், அது ஆரம்பத்திலேயே தெரியும். அவன் புத்தி தெளிவாக இருந்துதான் சுட்டானா, தேர்தல் நெருங்கும் நேரத்தில் அவனைத் தூக்கில் போட மேயர் ஏன் இப்படிப் பறக்கிறார், இதுதான் முடிச்சு.

நீங்கள் நிறுத்திய இடத்துக்கு அப்புறம்தான் ஹில்டி சிறைக்குப் போய் அவனைப் பேட்டி எடுக்கிறாள். அங்கே அந்த வேகம் மொத்தமும் அடங்கி, அவள் குரலே இறங்கிவிடுகிறது. அதேபோல், அவனுக்காகப் பேச வந்த மாலியை நிருபர்கள் கேலி செய்கிற இடம். அவளை வெளியே அழைத்துப்போய் விட்டுத் திரும்பும் ஹில்டி, வாயடைத்து உட்கார்ந்திருக்கும் அந்த ஆண்களைப் பார்த்து, ‘பத்திரிகைக் கனவான்களே’ என்கிறாள், அவ்வளவுதான். அந்த இரண்டு இடங்களுக்கும் சப்டைட்டிலை அணைத்துவிட்டு அவள் முகத்தை மட்டும் பாருங்கள்.