குழந்தை அழுவது பால் போதாததாலா?

கேள்வி: உசிலம்பட்டி அருகே ஒரு கிராமத்தில், பேறுகாலத்துக்காக அம்மா வீட்டில் இருக்கிறேன். சிசேரியன் மூலம் மகன் பிறந்து ஏழு நாள் ஆகிறது. பிறந்தபோது 2.9 கிலோ இருந்தவன் ஐந்தாம் நாள் 2.7 கிலோவாகக் குறைந்துவிட்டான். பால் குடித்த ஒரு மணி நேரத்திலேயே மறுபடியும் அழுகிறான். எனக்குப் பால் ஊறவில்லை என்று அம்மாச்சி இரவில் சீனித் தண்ணீர் கொடுக்கிறார். பால் பவுடர் வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். காம்பில் வலி இருக்கிறது. பச்சை உடம்பு என்று எனக்கும் தண்ணீரைக் குறைத்தே தருகிறார்கள். என்ன செய்வது?

பதில்: உங்களுக்குப் பால் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு நீங்கள் எழுதியவற்றில் ஆதாரம் எதுவும் இல்லை. பிறந்த குழந்தையின் உடலில் உள்ள மிகுதியான நீரும் கறுப்பு மலமும் வெளியேறுவதால், முதல் சில நாட்களில் பெரும்பாலான குழந்தைகளுக்கு எடை சற்றுக் குறையும். உங்கள் மகனுக்குக் குறைந்திருக்கும் 200 கிராம் என்பது பிறந்த எடையில் ஏறத்தாழ 7 சதவீதம். 10 சதவீதத்தைத் தாண்டினால்தான் நாங்கள் கவலைப்படுவோம். சிசேரியனுக்குப் பிறகு பால் பெருகுவது ஓரிரு நாள் தள்ளிப்போவதும் வழக்கமே. இருந்தாலும் அந்த எடை ஐந்தாம் நாளுக்கு உரியது என்பதால், நாளையே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி எடை பாருங்கள். இனி நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடி, இரண்டு வாரம் நிறைவதற்குள் அவன் பிறந்த எடையைத் திரும்ப எட்டிவிட வேண்டும்.

பால் போதுகிறதா என்பதை அழுகையைக் கொண்டு அளக்க வேண்டாம். ஈரம், வெக்கை, வயிற்று வலி, தாயின் அணைப்பைத் தேடுவது என எல்லாவற்றுக்கும் அவனிடம் இருப்பது அழுகை ஒன்றுதான். இந்த வயதில் ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிப்பது இயல்பு. மாலை நேரத்தில் சில குழந்தைகள் மணிக்கொரு முறைகூடக் கேட்பார்கள். நனையும் துணிகளே நம்பத் தகுந்த அளவுகோல். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் கழித்து, மலமும் மஞ்சளாக மாறியிருந்தால் பால் போதுகிறது என்று பொருள். ஆனால் சீனித் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இந்தக் கணக்கை எடுத்தால் அது ஏமாற்றிவிடும். சத்து எதுவும் சேராமலே துணி மட்டும் நனையும். ஆகவே அதை இன்றே நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்குங்கள்.

அம்மாச்சி குழந்தை மீதுள்ள பாசத்தால்தான் கொடுக்கிறார் என்பதை நான் அறிவேன்; இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வாரக் குழந்தையின் வயிறு மிகச் சிறியது. அதைச் சீனித் தண்ணீரால் நிரப்பினால் குழந்தை உறங்கிவிடும், மார்பைத் தேடாது. குழந்தை சப்பச் சப்பத்தான் பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் ஊறுகிறது, அதுவும் இரவில்தான் அதிகம் ஊறுகிறது. எனவே இரவில் கொடுக்கும் ஒவ்வொரு பாலாடைச் சீனித் தண்ணீரும் மறுநாள் பாலைக் குறைக்கிறது; பால் இல்லை என்ற பயத்தில் கொடுப்பதே பால் இல்லாமல் போகக் காரணமாகிறது. மதுரை வெயிலுக்கு நா வறளுமே என்ற கவலையும் வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை வேறு தண்ணீர் தேவையில்லை. தேன், கழுதைப் பால், வசம்பு, கிரைப் வாட்டர் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். தேன் மூலம் குழந்தைகளுக்குப் போட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரக்கூடும் என்பதால் ஒரு வயது வரை அதை நாக்கில் தடவவே கூடாது.

காம்பு வலிப்பதற்கு, குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வுவதே பெரும்பாலும் காரணம். அப்படிக் குடித்தால் உங்களுக்கு வலிக்கும், அவனுக்கும் பால் சரியாக வராது. அவன் அடிக்கடி அழுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தையல் அழுந்தாதபடி பக்கவாட்டில் படுத்துக்கொள்ளுங்கள், அல்லது உட்கார்ந்து, குழந்தையின் உடலைத் தலையணை மீது உங்கள் இடுப்போரமாகக் கிடத்தி, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகுமாறு கையிடுக்கில் அணைத்துக்கொள்ளுங்கள். காம்பால் அவன் மேலுதட்டைத் தொட்டு, வாயை அகலமாகத் திறக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு அவனை மார்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். மார்பை அவன் வாய்க்குள் திணிக்க வேண்டாம். மோவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்து, காம்பைச் சுற்றியுள்ள கரும்பகுதி வாய்க்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் சரியாகக் கவ்வியிருக்கிறான். விழுங்கும் ஓசையும் கேட்கும். வலி தொடர்ந்தால் சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மறுபடி தொடங்குங்கள். காம்பு வெடித்திருந்தால் பால் கொடுத்த பிறகு இரண்டு சொட்டுத் தாய்ப்பாலைத் தடவி உலர விடுங்கள். மார்பு கட்டிக்கொண்டால் பாலூட்டுவதை நிறுத்தாமல், கையால் சற்றுப் பீய்ச்சி இளக்கிவிட்டுக் கொடுங்கள். அவன் சப்பச் சோர்ந்தால் பீய்ச்சிய பாலைப் பாலாடையால் புகட்டலாம், புட்டி வேண்டாம்.

தண்ணீரை உங்களுக்குக் குறைப்பது தவறு. தையல் ஆறுவதற்கும் தண்ணீருக்கும் பகை எதுவும் இல்லை. தாகத்துக்குத் தடையில்லாமல் குடியுங்கள். பூண்டு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல உணவுகளே, தாராளமாகச் சாப்பிடலாம்; ஆனால் பத்தியம் என்ற பெயரில் அளவைக் குறைக்கக் கூடாது, ஏனெனில் பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும்.

பால் பவுடரை நீங்களாக வாங்க வேண்டாம். குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரப்படுத்துவதையே நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதிலிருந்தே அதை எவ்வளவு எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்பது விளங்கும். எடை உண்மையிலேயே ஏறாத குழந்தைக்கு அது தேவைப்படலாம்; அந்த முடிவை, குழந்தை குடிக்கும் முறையை நேரில் பார்த்த மருத்துவர் எடுக்கட்டும்.

நாளை எடை பார்க்கும்போது 2.7 கிலோவிலிருந்து ஏறாமல் இருந்தாலோ, துணி நனைவது ஆறு முறைக்குக் குறைந்தாலோ அன்றே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மார்பைச் சப்ப மறுத்தல், எழுப்பினாலும் விழிக்காத அளவுக்குச் சோர்வு, காய்ச்சல் அல்லது உடல் சில்லிட்டுப் போதல், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்லுங்கள்.