வெவ்வேறு சபைக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து பாடி ஆராதிப்பது நடைமுறையில் சாத்தியமா?

சாத்தியம்தான். ஆனால் ஒத்திகைக்கு ஆறு மாலைகளாவது வேண்டும். சேலத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறவன் நான். கத்தோலிக்கர், லுத்தரன் சபையார், பெந்தெகொஸ்தேக்காரர்களோடு சேர்ந்து கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனை நடத்துவதற்காக இரண்டு டிசம்பர்களில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறேன்.

எங்கள் சி.எஸ்.ஐ.யே ஒரு சேர்க்கைதான். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் இணைந்து உருவான தென்னிந்திய ஐக்கிய சபையும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஒன்றாயின. காங்கிரிகேஷனல் மரபான லண்டன் மிஷன் வழிவந்த என் பாட்டியோ, முன்பு ஆங்கிலிக்கன்களுடையதாயிருந்த, கலெக்டர் அலுவலகப் பக்கமுள்ள கிறிஸ்து ஆலயத்தைச் சாகும்வரை ‘வெள்ளைக்காரர் கோயில்’ என்றுதான் சொன்னார். காகிதத்தில் இணைவது வேறு, பாட்டி இணைவது வேறு.

முதல் மாலை ஒத்திகை படுதோல்வி. நாங்கள் புத்தகத்தைப் பிரித்து நான்கு குரலாகப் பாடுகிறவர்கள். கத்தோலிக்கர்கள் கீபோர்டு, தபலாவோடு ஒரே குரலில் பாடுவார்கள். பெந்தெகொஸ்தேக்காரர்களுக்குப் புத்தகமே தேவையில்லை. பாட்டு முடிந்தது என்று நாங்கள் உட்காரும்போது பல்லவியை நான்காம் முறை எடுப்பார்கள். காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் எஸ்டேட் பெண்கள் இருட்டிய பிறகே வந்தார்கள். மலைப்பனியில் தபலாவின் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிட, அதைக் கரியடுப்பருகே காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எல்லோரும் கடுங்காப்பி குடித்துக்கொண்டு பேசவே ஆரம்பித்தோம்.

இன்னொரு சிக்கலும் வந்தது. நாங்கள் டிசம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இறங்கிவிடுவோம். கத்தோலிக்கர்களுக்கு அது திருவருகைக் காலம், பிறப்புக்காகக் காத்திருக்கும் வாரங்கள். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் என்ற புகழ்ப்பாட்டைக்கூடப் பாடமாட்டார்கள். அதனால் முற்பாதியில் காத்திருப்புப் பாடல்கள், பிற்பாதியில் பிறப்புப் பாடல்கள் என்று பிரித்தோம்.

காப்பாற்றியது கீர்த்தனை, அதாவது நம் ராகங்களில் அமைந்த தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) லுத்தரன் மிஷனில் வளர்ந்தவர். அவருடைய பாடல்களையும் சேர்த்துக் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் அச்சிட்டவர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப். அந்த வகையில் சாஸ்திரியார் எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் சொந்தம். ராகம் பிடிபட்டதும் கத்தோலிக்கப் பெண்கள் எங்களைவிட நன்றாகப் பாடினார்கள். நான்கு குரலாகப் பிரித்து நாங்கள் தட்டையாக்கி வைத்திருந்த இடங்களில் அவர்கள் தொண்டையில் தானாகவே கமகம் விழுந்தது. கீர்த்தனைக்கு ஆர்மனி சேர்ப்பது ரசத்தில் ஜாம் கலப்பதுபோல என்று அன்றிலிருந்து சொல்லி, சொந்தக் குழுவிலேயே பகை தேடிக்கொண்டிருக்கிறேன். இதில் ஒரு முரணும் உண்டு. எங்களை ஒன்றாகப் பாடவைத்த அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வழக்கத்தை விடச் சொன்ன புதிய மிஷனரிகளோடு மல்லுக்கட்டியவர். ஒரு பெரியவர் இதை எடுத்துச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணையை இன்றும் தனித்தனியேதான் பெறுகிறோம். பாட்டால் அது தீரும் என்று நான் நம்பவில்லை.

சொற்கள்தான் கடைசிவரை இடறின. பைபிளின் துதிப்பாடல் நூல் எங்களுக்குச் சங்கீதம், கத்தோலிக்கர்களுக்குத் திருப்பாடல். எங்களுக்குப் பரிசுத்த ஆவி, அவர்களுக்குத் தூய ஆவி. இரு தரப்புக்கும் பொதுவான பைபிள் மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் 1995இல் வந்துவிட்டது. ஆனாலும் மனப்பாடமான ஜெபத்தை எந்த மொழிபெயர்ப்பும் மாற்றாது. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் நாங்கள் ‘பரமண்டலங்களிலிருக்கிற’ என்று தொடங்க, அவர்கள் ‘விண்ணுலகில் இருக்கிற’ என்று தொடங்கினார்கள். அவர்கள் ‘தீமையிலிருந்து’ மீட்கக் கேட்டுவிட்டு ஆமென் சொன்னார்கள். ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்ற முடிவு வரி பாக்கியிருந்த நாங்கள் தனியே இழுத்துக்கொண்டு போனோம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்த ஆண்டு அவர்களை உறுத்தக்கூடாதென்று நாங்கள் அவர்கள் முடிக்கும் இடத்திலேயே நிறுத்திவிட்டோம். எங்களுக்கு வழிவிட அவர்களும் ஆமென் சொல்லாமல் காத்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆர்மோனியக்காரர் இரு பக்கமும் பார்த்துவிட்டு, மெல்ல அடுத்த பாட்டின் சுருதியைப் பிடித்தார்.