"ஒன்னும் ஆகாது" என்று சொல்வதற்கு முன்: செவிலியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேஷுவாலிட்டியிலும் மனநல வார்டிலும் பல வருடம் டியூட்டி பார்த்துவிட்டு, இப்போது நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பெடுக்கிறேன். பயத்திலும் வலியிலும் துக்கத்திலும் இருக்கும் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளில், அடிக்கடி வந்தவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, ஆபரேஷனுக்கு முன்னால் அழுகிறவர்களிடம் "ஒன்னும் ஆகாது, பயப்படாதீங்க" என்றுதான் சொல்லிப் பழக்கம். அப்படிச் சொல்லக் கூடாது என்கிறார்கள். வேறு என்னதான் சொல்வது?

முதலில் ஒன்றும் சொல்லாதீர்கள், கேளுங்கள். "ஒன்னும் ஆகாது" என்றதும் நோயாளி வாயை மூடிக்கொள்வார். அவர் எதற்காக அழுதார் என்பது நமக்குக் கடைசி வரை தெரியாது.

கர்ப்பப்பை எடுக்க அட்மிஷன் ஆன ஒரு அம்மா முந்தின நாள் ராத்திரி முழுக்க அழுதுகொண்டிருந்தார். "இப்பல்லாம் இது சின்ன ஆபரேஷன்மா" என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து "எதை நினைச்சா ரொம்பக் கலக்கமா இருக்கு?" என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. வீட்டில் இருபது வயது தாண்டிய மகன், தானாகச் சாப்பிடத் தெரியாதவன். அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவான். ஆபரேஷனைப் பற்றி அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை. தங்கையிடம் போனில் பேசி, பையன் சாப்பிட்டான் என்று தெரிந்த பிறகு தூங்கிவிட்டார்.

இன்னொன்று. 1952-இல் நர்ஸ்-நோயாளி உறவைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதிய ஹில்டகார்ட் பெப்ளாவ் என்ற அமெரிக்க மனநல நர்ஸ், பதற்றத்தை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: லேசானது, மிதமானது, கடுமையானது, பீதி. வார்டில் எனக்கு மிகவும் கைகொடுத்த பாடம் இது. மிதமான பதற்றத்தில் இருப்பவருக்கு விளக்கம் சொன்னால் ஏறும். கடுமையான பதற்றத்தில் கவனம் ஒரே ஒரு விஷயத்தில் குறுகிப்போய்விடும். பீதியில் எதுவுமே மண்டையில் ஏறாது. அந்த நேரத்தில் கன்சென்ட் பேப்பரை நீட்டி விளக்குவது வீண். "நான் இங்கேயே இருக்கேன். மெதுவா மூச்சு விடுங்க." இவ்வளவு போதும், அதையும் இரண்டு மூன்று தடவை, ஒரே குரலில். விளக்கமெல்லாம் அப்புறம்.

கேள்வி: எங்கள் கேஷுவாலிட்டியில் மருந்து குடித்து வருகிறவர்கள் அதிகம். அவர்களிடம் "ஏன் இப்படிச் செஞ்சீங்க" என்று கேட்கலாமா? தற்கொலை பற்றி நாமே பேசினால் அந்த எண்ணத்தைக் கிளறிவிட்டது போல் ஆகாதா?

ஆகாது. தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை. பெரும்பாலும், ஒருவராவது கேட்டாரே என்ற நிம்மதிதான் வரும். ஆனால் "ஏன்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஸ்டொமக் வாஷ் முடிந்து தொண்டை எரிய, உடம்பெல்லாம் நனைந்து கிடக்கிறவரிடம் "ஏன்" என்றால் அது விசாரணைதான். "பெத்தவங்கள நினைச்சுப் பாத்தியா?" என்பதும் அப்படியே. அவர் ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருப்பார். முகத்தைத் துடைத்துவிட்டு, உலர்ந்த துணி மாற்றிவிட்டு, "ரொம்பத் தாங்க முடியாம போயிருக்கு போல. என்ன நடந்துச்சுன்னு சொல்றீங்களா?" என்று கேளுங்கள். பிறகு, "இப்பவும் செத்துடணும்னு தோணுதா?" என்று அதே வார்த்தையில் கேளுங்கள். ஆமாம் என்றால் டாக்டருக்கும் மனநலப் பிரிவுக்கும் உடனே சொல்ல வேண்டும். அவரைத் தனியாக விடக் கூடாது. "யார்ட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர்" என்று கெஞ்சினாலும் அந்த ரகசியத்தைக் காப்பதாக வாக்குக் கொடுக்க முடியாது. அதை அவரிடமே சொல்லிவிடுங்கள்.

எலி பேஸ்ட் கேஸ்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதல் ஒன்றிரண்டு நாள் ஆள் நன்றாக இருப்பார். இட்லி கேட்பார், வீட்டுக்குப் போகணும் என்பார். உறவினர்களும் டிஸ்சார்ஜ் கேட்டு நிற்பார்கள். கல்லீரல் பழுதாவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான் வெளியே தெரியும். அந்த இரண்டு நாளில் "நல்லாயிட்டீங்க" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். "இப்ப நல்லா தெரியுது, ஆனா இந்த மருந்து லேட்டாத்தான் வேலையைக் காட்டும். ரத்தம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் உள்ளதைச் சொல்லி இருக்க வையுங்கள். அவர் தெளிவாகப் பேசக்கூடிய நாட்களும் அவைதான். கையில் இருக்கும் அந்த நேரத்தை வீணாக்காதீர்கள்.

போலீஸ் பயமும் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போவதும், போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்குவதும் நடைமுறை. ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. "உங்களைப் பிடிச்சுட்டுப் போக வரல" என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐயும், தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104-ஐயும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. அவர் போனிலேயே பதிந்து கொடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு கேன்சர் என்று அவரிடம் சொல்லக் கூடாது என்று மகன் சொல்லிவிட்டார். அப்பாவோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு "எனக்கு என்ன வியாதி, பாப்பா?" என்கிறார். நான் என்ன செய்வது?

பொய் சொல்லாதீர்கள். நீங்களாகப் போட்டு உடைக்கவும் வேண்டாம், அது டாக்டர் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். "டாக்டர் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க அய்யா? உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். கீமோ ஏறும் வார்டில் படுத்திருப்பவருக்குப் பக்கத்துப் பெட்காரர் சொல்லாமலா இருப்பார்? அவருக்குத் தெரிய வேண்டியது எவ்வளவு, யார் வாயால் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "இதை டாக்டர்கிட்ட சொல்லி உங்ககூடப் பேச வைக்கிறேன்" என்று சொல்லி, அன்றைக்கே செய்யுங்கள்.

மகன் மேல் கோபப்படாதீர்கள். அவர் பாசத்தில்தான் மறைக்கிறார். "சொன்னா அப்பா உடைஞ்சிடுவார்னு பயப்படுறீங்க. ஆனா அவரே என்கிட்ட கேட்டார் தம்பி. தனியா யோசிச்சுக்கிட்டுக் கிடக்கார்" என்று சொன்னால் பல மகன்கள் இறங்கி வருவார்கள். நிலம் யாருக்கு, பேத்தி கல்யாணம் எப்போது என்று அந்த மனிதர் முடிவு செய்ய வேண்டியவை எத்தனையோ இருக்கலாம். அந்த உரிமையை அவரிடமிருந்து பறிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கேள்வி: லேபர் வார்டில் பிரசவ வலியில் இருப்பவரிடம் நாம் சத்தம் போடாமல் எப்படி முடியும்? முக்க வேண்டிய நேரத்தில் முக்காவிட்டால் குழந்தைக்கு ஆபத்து.

உரத்த குரலில் "இப்ப முக்கு, நிறுத்து, மூச்சு வாங்கு" என்பது வேலை. "அன்னைக்கு இனிச்சுதா?" என்பது அவமானம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதை நிறுத்துங்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை எந்த வார்டில் யார் சொன்னாலும் சீனியராக இருப்பவர் தடுக்க வேண்டும். பெண் துணை ஒருவரை உள்ளே அனுமதிக்கிற ஆஸ்பத்திரி என்றால் அவரைத் தலைமாட்டில் நிற்க வையுங்கள், சத்தம் தானாகக் குறையும்.

கேள்வி: வென்டிலேட்டரில் இருப்பவர் ஏதோ சொல்லத் தவிக்கிறார். புரியவில்லை என்றதும் கையை உதறி அழுகிறார்.

குழாய் தொண்டைக்குள் இருப்பதால் குரல் வராது, ஆனால் விழித்திருப்பவருக்குக் காது கேட்கும் என்பதை வார்டே மறந்துவிடுகிறது. இங்கிலீஷ் எழுத்துப் பலகையை நம்மூரில் அப்படியே வைத்தால் உதவாது. தமிழில் 247 எழுத்துக்கு அவர் எங்கே விரலை நகர்த்துவார்? ஒரு அட்டையில் படம் வரையுங்கள்: வலி, மூச்சு, தாகம், பெட்பேன், குளிர், சளி எடுக்கணும், வீட்டு ஆள். ஆமாம் என்றால் ஒரு தடவை கண்ணை மூடச் சொல்லுங்கள், இல்லை என்றால் இரண்டு தடவை. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. அந்த அட்டை எங்கே இருக்கிறது என்று அடுத்த ஷிஃப்ட்டுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் நோயாளியிடம், அப்படி எதுவும் இல்லை என்று புரியவைக்க வேண்டாமா?

வாதாடி யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "எனக்கு அந்தக் குரல் கேக்கல. ஆனா உங்களுக்குக் கேக்குது, பயமாவும் இருக்குன்னு புரியுது." அப்புறம் கட்டாயம் கேட்க வேண்டியது: "அது உங்களை ஏதாவது செய்யச் சொல்லுதா?" தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தச் சொன்னால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஆண் செவிலியர். அழும் பெண் நோயாளியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லலாமா?

வேண்டாம், தம்பி. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கண்மட்டத்துக்கு உட்கார்ந்தாலே போதும். டிரஸ்ஸிங், கதீட்டர் போன்றவற்றுக்குத் தொட வேண்டியிருந்தால் முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் வாங்கி, கூட ஒரு பெண் இருக்கும்படி செய்யுங்கள்.

கேள்வி: இதெல்லாம் சரி மேடம். நைட் டியூட்டியில் வார்டு முழுக்க ஒரே ஆள். உட்கார்ந்து பேச நேரம் எங்கே?

உங்கள் கோபம் நியாயமானது. ஆள் போடாமல் பேச்சை மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம், அதை நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரைக்கும், எப்படியும் செய்கிற வேலைக்குள் பேச்சைக் கொண்டுவாருங்கள். பிபி கஃபைச் சுற்றும்போதும் டிரிப்ஸ் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி போட நரம்பு தேடும்போதும் உங்கள் கை அவர் மேல்தான் இருக்கிறது. கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். முடியவில்லை என்றால் "ரெண்டு மணி இன்ஜெக்‌ஷனுக்கு வரும்போது பேசுறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி போங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் விடாதீர்கள். நோயாளி சொன்னதை நர்ஸ் நோட்ஸில் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "பதற்றமாக உள்ளார்" என்று எழுதினால் காலையில் வரும் சிஸ்டருக்கு ஒன்றும் தெரியாது. "மகனுக்குச் சோறூட்ட ஆளில்லை என்று அழுதார், தங்கை நம்பர் அட்டையின் பின்பக்கம்" என்று எழுதினால் அவர் போனை எடுத்துக்கொண்டு நேராக அந்த பெட்டுக்குப் போவார்.