வாரத்தில் மூன்று நாள் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

திருச்சியில் ஒரு தனியார் ஆய்வகத்தில் பேத்தாலஜிஸ்டாக இருக்கிறேன். வயது 38. இரண்டு குழந்தைகள், சின்னவன் இப்போதுதான் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருக்கிறான். அதனால் மதியம் வரைதான் வேலை. எம்.டி. படிக்கும்போதே ரத்தப் புற்றுநோய்களில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தது. கல்யாணம், குழந்தைகள் என்று தள்ளிப்போய்விட்டது.

மகளிர் தினம் வந்தால் போதும், அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர் ஜேனட் ரௌலி பற்றி எனக்கு யாராவது ஒரு ஃபார்வர்டு அனுப்பிவிடுவார்கள். நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, சாப்பாட்டு மேசையில் கத்தரிக்கோலுடன் உட்கார்ந்து புற்றுநோயின் ரகசியத்தைக் கண்டுபிடித்த அம்மா என்று. இந்த வருடம் என் மாமியாரே அனுப்பினார். “மனசிருந்தா வீட்டிலிருந்தே செய்யலாம் பாரு” என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். எனக்கு உற்சாகம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்தக் கதை உண்மையா? உண்மை என்றால் நான்தான் சோம்பேறியா?

பெயர் வேண்டாம்,
திருச்சி

அன்புள்ள டாக்டர்,

கதை உண்மைதான். மேசை, கத்தரிக்கோல், நான்கு மகன்கள் எல்லாம் உண்மை. அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்ததை ரௌலியே பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அவர் வெட்டிக்கொண்டிருந்தவை குரோமோசோம்களின், அதாவது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளின், புகைப்படங்கள். ஆனால் அவை அந்த மேசைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதை ஃபார்வர்டு சொல்வதில்லை. உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

ரௌலி 1925-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே உதவித்தொகையுடன் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1944-இல் அங்கேயே மருத்துவம் படிக்கத் தகுதி பெற்றார். அந்த வகுப்பில் 65 இடங்கள், பெண்களுக்கு அதில் 3. மூன்றும் நிரம்பிவிட்டதால் அடுத்த வகுப்பு வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தார். 1948-இல் பட்டம், மறுநாள் கல்யாணம். கணவர் டொனால்ட் ரௌலியும் மருத்துவர். அதன்பின் கடைசி மகனுக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை அவர் முழுநேர வேலைக்கே போகவில்லை, வாரத்தில் மூன்று நாள்தான். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கான ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தார். அந்தக் குழந்தைகளுக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது என்று 1959-இல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். ரௌலிக்குக் குரோமோசோம் பைத்தியம் பிடித்தது அப்போதுதான்.

1961-இல் கணவருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வருட ஆய்வு விடுப்பு கிடைத்தது. குடும்பமே போனது. அங்கே ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து, ரத்தச் செல்களின் குரோமோசோம்களைப் பார்க்கும் முறைகளைக் கற்றுக்கொண்டார். சிகாகோவுக்குத் திரும்பியபோது அவருக்கு வயது 37. உங்களைவிட ஒரு வயது குறைவு. பெரிய ஆராய்ச்சிப் பட்டியல் எதுவும் கையில் இல்லை. நேராக லியோன் ஜேக்கப்சன் என்ற ரத்தவியல் நிபுணரிடம் போனார். பல்கலைக்கழகத்தில் செல்வாக்கான மனிதர். அவரிடம் ரௌலி கேட்டவை இவைதான்: உட்கார ஓர் இடம், ஒரு மைக்ரோஸ்கோப், பகுதிநேர வேலை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கிற அளவுக்காவது சம்பளம். ஜேக்கப்சன் சரி என்றார். வருடத்துக்கு 5,000 டாலர்.

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் பல்கலைக்கழகப் பணம் வந்தது, மைக்ரோஸ்கோப்பும் ரத்தப் புற்றுநோயாளிகளின் மாதிரிகளும் மருத்துவமனையிலிருந்து வந்தன. கடைசியில் நடந்த வெட்டி ஒட்டும் வேலை மட்டும்தான் சாப்பாட்டு மேசையில். இதில் மேசையை மட்டும் படம் பிடித்து அனுப்பினால், ஒரு பெண்ணுக்கு மனசும் மேசையும் போதும் என்றாகிவிடுகிறது. நிறுவனத்துக்கும் குடும்பத்துக்கும் செலவே இல்லாத பாராட்டு அது.

அப்புறம், எந்த ஃபார்வர்டிலும் வராத பத்து வருடங்கள் இருக்கின்றன. 1962-லிருந்து 1972 வரை. லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் குரோமோசோம்களை வாரம் மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். பேர் சொல்லும்படி ஒன்றும் அமையவில்லை. அன்றைய சாயங்களில் பல குரோமோசோம்கள் ஒன்றுபோலவே தெரியும், எது எட்டாம் எண் குரோமோசோம், எது ஒன்பதாம் எண் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1970-இல் மறுபடியும் ஆக்ஸ்ஃபோர்டு. குயினாக்ரின் என்ற ஒளிரும் சாயம் போட்டால் ஒவ்வொரு குரோமோசோமிலும் அதற்கே உரிய பட்டைகள் தெரியும் என்பது அப்போது புதிய செய்தி. அந்த முறையைக் கற்றுக்கொண்டு வந்து, ஏற்கெனவே தனக்கு அத்துப்படியான நோயாளிகளின் செல்களைத் திரும்பப் பார்த்தார். பத்து வருடம் அவற்றையே பார்த்துப் பழகாதவர் கையில் அந்தச் சாயம் கிடைத்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் பலன் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

கண்டுபிடிப்பு உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். க்ரானிக் மைலாய்டு லுகேமியா, சுருக்கமாக சி.எம்.எல்., எலும்பு மஜ்ஜையில் தொடங்கி வெள்ளையணுக்களைக் கட்டுப்பாடில்லாமல் பெருக வைக்கும் நோய். இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதை பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் 1960-இல் கண்டிருந்தார்கள். ஊர்ப் பெயரால் அது ஃபிலடெல்ஃபியா குரோமோசோம். ஒரு துண்டு உடைந்து தொலைந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ரௌலி 1972-இல் முதலில் வேறொரு லுகேமியாவில் 8-ஆம் 21-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். அதே கண்ணோடு சி.எம்.எல். படங்களைப் பார்த்தபோது 22-இல் காணாமல்போன துண்டு 9-இன் நுனியில் ஒட்டியிருந்தது. 1973-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

உடனே மாலை போட்டு வரவேற்கவில்லை. குரோமோசோம் குளறுபடி புற்றுநோயின் விளைவாக இருக்கும், காரணமாக இருக்காது என்பதுதான் அன்று பெரும்பாலானவர்களின் நம்பிக்கை. அவர் மேலும் படங்களைச் சேர்த்தார். 1977-இல் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியாவில் 15-க்கும் 17-க்கும் இடையே இதே இடமாற்றத்தைத் தன் குழுவோடு காட்டினார். ஒவ்வொரு வகை லுகேமியாவுக்கும் தனக்கென்று ஒரு இடமாற்றம் இருந்தால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. எண்பதுகளில் மற்றவர்கள் மரபணு மட்டத்தில் இறங்கிப் பார்த்தார்கள். ஒட்டிய இடத்தில் பி.சி.ஆர்., ஏ.பி.எல். என்ற இரண்டு மரபணுக்கள் இணைந்து, அணையாத சுவிட்ச் போன்ற ஒரு புரதம் உருவாகியிருந்தது. அந்தப் புரதத்தை முடக்கும் இமாடினிப் மாத்திரையை பிரையன் ட்ரூக்கர் 1998-இல் நோயாளிகளிடம் சோதிக்க ஆரம்பித்தார். அதற்கு முன் இருந்த இன்டர்ஃபெரான் என்ற மருந்து பலிக்காதவர்கள் அவர்கள். 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. கத்தரிக்கோலிலிருந்து மாத்திரைக்கு 28 வருடங்கள், பல நாடுகள், நூற்றுக்கணக்கான ஆட்கள்.

நம் பக்கமும் இந்தக் கதை வந்தது. இமாடினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு அதைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006-இல் நிராகரித்தது சென்னை காப்புரிமை அலுவலகம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக டெல்லிக்குப் போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மனுவைத் தள்ளியது. கம்பெனி மருந்து மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய், இந்திய நிறுவனங்களின் மாத்திரை 10,000-க்குள் என்று அப்போது செய்திகள் வந்தன. இன்னொன்று நீங்கள் கவனிக்க வேண்டியது. அந்த 15-17 லுகேமியாவுக்கு ஆர்செனிக்கை மருந்தாக்கியது சீனா. வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை, புதிதாக நோய் கண்ட 72 பேருக்கு ஆர்செனிக்கை மட்டுமே பிரதான மருந்தாகக் கொடுத்து, நூற்றுக்கு 86 பேருக்கு நோய் தணிந்ததை 2006-இல் வெளியிட்டது. வசதி குறைந்த நோயாளிகளை மனதில் வைத்துச் செய்த ஆய்வு அது. உங்கள் ஊரிலிருந்து ரயிலில் சில மணி நேரத்தில் போய்விடலாம்.

ஆக, நீங்கள் சோம்பேறியா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். மதியம் வரை வேலை என்பது ரௌலியின் மூன்று நாளுக்குக் குறைந்ததல்ல. உங்களிடம் இல்லாதது ஒரு ஜேக்கப்சன். அப்படி ஒருவரைக் கேட்காமல் கிடைக்காது, கேட்டாலும் முதல் ஆளிடமே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். இங்கே பெரும்பாலான நிறுவனங்களில் பகுதிநேர ஆராய்ச்சிப் பணி என்று ஒரு நாற்காலியே கிடையாது. “முழுநேரம் வர முடியுமா?” என்றுதான் முதல் கேள்வி வரும். அதற்குச் சங்கடப்படாமல் பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

என் யோசனை இது. உங்கள் ஆய்வகத்துக்கு வரும் லுகேமியா மாதிரிகளில் எது உங்களுக்குத் திரும்பத் திரும்ப உறுத்துகிறதோ அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் நோயாளிகளின் பதிவுகளைத் தொட வேண்டாம். அந்தப் பக்கத்தோடு வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மூன்றுக்கும் எழுதுங்கள். உங்களால் எந்த நாட்கள், எத்தனை மணி நேரம் வர முடியும் என்பதையும் சம்பளம் வேண்டும் என்பதையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். இலவசமாக வருகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.