கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்ற பிறகு நம் ஹாக்கி அணி தேறுமா?

கேள்வி: நான் காவேரிப்பட்டணத்துக்காரன். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. எங்கள் பக்கம் கபடி உண்டு, கிரிக்கெட் உண்டு, பொங்கல் வந்தால் எருது விடும் விழா உண்டு. ஹாக்கிப் பைத்தியம் மட்டும் ஊருக்கு நான் ஒருத்தன்தான். பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் பிடித்துவிட்ட பைத்தியம், இன்னும் தெளியவில்லை. என் அக்கா வீட்டுக்காரர் மாந்தோப்பு வைத்திருக்கிறார். ஹாக்கி பார்க்க மாட்டார், ஆனால் என்னைக் கிண்டல் செய்வதென்றால் முதல் ஆள். “ஸ்ரீஜேஷ் போனதோட உங்க டீமும் போச்சு மச்சான். உலகக் கோப்பையில அரையிறுதிக்குப் போகட்டும், குடும்பத்துக்கே பிரியாணி என் செலவு. போகலைன்னா உன் செலவு” என்று சவால் விட்டிருக்கிறார். இதற்கு நடுவில் அவர் பையன், எட்டாவது படிக்கிறவன், ஹாக்கி கோல் கீப்பர் ஆகப் போகிறேன் என்று அடம் பிடிக்கிறான். நான்தான் கெடுத்துவிட்டேன் என்று வீட்டில் பேச்சு. உண்மையில் நம் அணி எந்த நிலையில் இருக்கிறது? பையனை இதில் விடலாமா?

— பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: உங்கள் மாமா ஹாக்கி பார்க்காதவர் என்கிறீர்கள். பந்தயம் மட்டும் விவரமாகத்தான் கட்டியிருக்கிறார். 1975-ல் கோலாலம்பூரில் அஜித் பால் சிங் தலைமையில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கோப்பையை வாங்கினோம். அதற்கப்புறம் ஓர் உலகக் கோப்பையில்கூட நம் ஆண்கள் அணி அரையிறுதியை எட்டவில்லை. 2018-ல் புவனேஸ்வரத்தில் காலிறுதியோடு சரி, நெதர்லாந்திடம் 1-2. 2023-ல் அதே ஊரில் காலிறுதிகூட இல்லை. நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு, 3-3 ஆக்க விட்டு, சமநிலையை உடைக்கிற ஷூட் அவுட்டில் தோற்று வெளியே வந்தோம். பந்தயத்துக்குச் சரி சொல்லுங்கள், ஆனால் பிரியாணிக் காசைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் அவர் சொல்லும் காரணம் தப்பு. நம் அணியின் கவலை கோல் கம்பத்துக்கு நடுவில் இல்லை. எதிர் முனையில் இருக்கிறது.

ஸ்ரீஜேஷின் அருமையை யாரும் மறுக்க முடியாது. டோக்கியோ ஒலிம்பிக் வெண்கல ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று இருந்தபோது, முடிய சில நொடிகளே இருக்க, அவர்களுக்கு ஒரு பெனால்டி கார்னர், அதாவது தவறுக்குத் தண்டனையாகக் கிடைக்கிற கோல் வாய்ப்பு. அதைத் தடுத்தார். பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்தே பேர். 1-1 என்று இழுத்துப் பிடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று முடித்தோம். அதில் பாதி ஆட்டம் ஸ்ரீஜேஷ் ஒருவரே ஆடியது. இன்னொன்றும் உண்டு. டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மனிதர் அறுபது நிமிடமும் கத்திக்கொண்டே இருப்பார். யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று பின்னாலிருந்து ஓயாத விரட்டல். அவர் போனதும் அணியில் குறைந்தது அந்தக் குரல்தான்.

மற்றபடி அவருக்குப் பின் கோலுக்கு வந்த கிருஷண் பகதூர் பாதக் புதிதாக வந்த பையன் இல்லை. 2018-லிருந்து அணியில் இருப்பவர். ஸ்ரீஜேஷ் இருந்த காலத்திலேயே பல தொடர்களில் ஒரு கால்பகுதி அவர், அடுத்த கால்பகுதி இவர் என்று மாற்றி மாற்றி நிறுத்திப் பழக்கினார்கள். ஆட்ட நேரத்தில் பந்தைத் தடுப்பதில் பாதக்கிடம் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. கூடவே மும்பைக்காரர் சூரஜ் கர்கேராவும் இருக்கிறார். என் சந்தேகமெல்லாம் ஷூட் அவுட்டில்தான். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருத்தன் பந்தோடு கிளம்புவான், எட்டு நொடிக்குள் கோல் போட வேண்டும். அந்த எட்டு நொடியில் கீப்பர் முதலில் விழுந்தால் போச்சு. எதிரியை அவசரப்பட வைத்து, கடைசி வரை நின்று பார்க்கிற நெஞ்சழுத்தம் வேண்டும். ஸ்ரீஜேஷிடம் அது இருந்தது. பாதக்கிடம் இருக்கிறதா என்று பெரிய மேடையில் இன்னும் நான் பார்க்கவில்லை.

இப்போது எதிர் முனைக்கு வருவோம். பாரிஸில் எட்டு ஆட்டங்களில் நாம் போட்டது 15 கோல். அதில் 10 கோல் ஹர்மன்பிரீத் சிங் ஒருவருடையது. போட்டியிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். வெண்கல ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என்று வென்ற இரண்டு கோலும் அவருடையதே. மிச்ச அணி முழுவதும் சேர்ந்து ஐந்து. அதிலும் இரண்டு அபிஷேக் அடித்தது. பதக்கம் வாங்கிய சந்தோஷத்தில் இந்தக் கணக்கை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஐரோப்பியப் பயிற்சியாளர்கள் நிச்சயம் பார்த்திருப்பார்கள்.

ஹர்மன்பிரீத் பெரும்பாலும் கோல் போடுகிற பெனால்டி கார்னரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள், விஷயம் புரியும். கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுகிறார். கோலுக்கு முன்னால் இருக்கிற வட்டத்துக்கு வெளியே ஒருவர் மட்டையைப் படுக்க வைத்து நிறுத்துகிறார். ஹர்மன்பிரீத் குனிந்து, பந்தை மட்டையின் வளைவில் வைத்து இழுத்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்து, இடுப்பைத் திருப்பி விடுகிறார். இத்தனையும் நடந்து முடிய இரண்டு நொடிக்குக் கொஞ்சம் முன்பின். அதற்குள் எதிரணியில் முதல் ஆள் முகமூடியும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு நேரே அவர் கால் பக்கம் ஓடி வருகிறான். பந்து மேலே பட்டால் படட்டும் என்று ஓடி வருகிற வேலை அது. நம் அணியில் அந்த வேலையைச் செய்கிறவர் ரோஹிதாஸ். பாரிஸ் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றபோது தடை காரணமாக அவர் களத்தில் இல்லை. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

ஆக, எதிரணியில் ஓடி வருகிறவன் கெட்டிக்காரனாக இருந்து, நமக்குக் கிடைக்கிற நாலைந்து கார்னரும் வீணானால் என்ன செய்வது? களத்தில் ஓடி, வட்டத்துக்குள் புகுந்து அடிக்கிற கோல் வேண்டும். ஜுக்ராஜ் சிங், சஞ்சய் இரண்டு பேரும் கார்னரில் அப்படி இழுத்து விடுகிற ஃபிளிக் போடுவார்கள் என்பது உண்மைதான். 2024-ல் சீனாவில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் சீனாவை வென்ற ஒரே கோல்கூட ஜுக்ராஜுடையது, அதுவும் கார்னரில் வந்தது இல்லை. ஆனால் கார்னரையே நம்பியிருக்கும் அணியை நிறுத்தப் பெரிய அணிகளுக்கு வழி தெரியும்.

இந்த இடத்தில் 2025 செப்டம்பர் ராஜ்கீர் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம் எனக்குப் பெரிய ஆறுதல். தென்கொரியாவை 4-1 என்று வென்றோம், உலகக் கோப்பைக்கு நேரடித் தகுதியும் பெற்றோம். முதல் நிமிடத்திலேயே சுக்ஜீத் சிங் அடித்தார். தில்பிரீத் சிங் இரண்டு, ரோஹிதாஸ் ஒன்று. ஹர்மன்பிரீத் பெயரே பட்டியலில் இல்லை! தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அபிஷேக். வட்டத்துக்குள் அரை அடி இடம் கிடைத்தாலும் திரும்பி அடித்துவிடுகிறவர் அவர். இன்றைக்கு நம் முன்வரிசையில் எதிரிகள் பயப்படுகிற ஆள் யார் என்றால் அபிஷேக் பெயரைத்தான் சொல்வேன்.

ஆனால் ஆசியா வேறு, ஐரோப்பா வேறு. அதே வருடம் ஜூனில் புரோ லீக் என்ற சர்வதேசத் தொடர் ஆட ஐரோப்பா போன இடத்தில் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றோம். கடைசி ஆட்டத்தில் பெல்ஜியத்தை 4-3 என்று வென்று மானத்தோடு திரும்பினோம். அந்த ஏழில் பெரும்பாலானவை ஒரே கோல் வித்தியாசம். நெதர்லாந்துடன் முதல் ஆட்டத்தில் 58-வது நிமிடத்தில் கோல் வாங்கினோம். திறமை போதாமல் தோற்றது மாதிரி எனக்குத் தெரியவில்லை. முன்னிலையில் இருக்கும்போது பந்தை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வேலைக்கு நடுக்களத்தில் ஆள் வேண்டும். ஹர்திக் சிங் இருக்கிறார். எனக்கு இந்த அணியிலேயே மிக முக்கியமான ஆள் அவர்தான், ஹர்மன்பிரீத்தைவிட. 2023 உலகக் கோப்பையில் இங்கிலாந்து ஆட்டத்தில் அவருக்குக் காயம் பட்டது. நியூசிலாந்து ஆட்டத்தில் அவர் இல்லை. 3-1 எப்படி 3-3 ஆனது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மன்பிரீத் சிங்குக்கு 33 வயதாகிறது. அனுபவம் உதவும், கால் அதே வேகத்தில் ஓடுமா? விவேக் சாகர் பிரசாத் நல்ல ஆட்டக்காரர், ஆனால் ஆட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிற நாள் குறைவு.

நம்ம ஊர்ப் பையன் கார்த்தி செல்வத்தைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அரியலூர்க்காரர், கோவில்பட்டியில் தயாரானவர். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டவர். 2025 ஆசியக் கோப்பைக்கு மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் வைத்தார்கள், நவம்பரில் அஸ்லான் ஷா கோப்பைக்கு அணியில் சேர்த்தார்கள். உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்கிற இந்த நிலையில் எந்த ஸ்டிரைக்கருக்கும் நம்பிக்கை வளராது. ஒன்று தொடர்ந்து பத்து ஆட்டம் கொடுங்கள், இல்லையென்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இதில் ஊர்ப்பாசம் கொஞ்சம் கலந்திருக்கிறது, இருக்கட்டும்.

உலகக் கோப்பை 2026 ஆகஸ்ட் 15 முதல் 30 வரை, நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும். முடிந்த மூன்றாவது வாரமே ஜப்பானில் ஆசிய விளையாட்டு. அங்கே தங்கம் வாங்கினால் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு நேரடி இடம். எந்தப் பயிற்சியாளருக்கும் இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். உலகக் கோப்பையில் முதல் நான்குக்குள் வருமா என்று கேட்டால், ஹர்திக் முழு உடல்நலத்தோடு இருந்தால் சரிபாதி வாய்ப்பு, இல்லாவிட்டால் மூன்றில் ஒன்று என்பேன். கோப்பையைப் பற்றி இந்த முறை நான் பேசவில்லை.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். 2025 நவம்பர்-டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது. பயிற்சியாளர் யார் தெரியுமா? ஸ்ரீஜேஷேதான். மாமாவிடம் சொல்லுங்கள், மனிதர் எங்கேயும் போகவில்லை. அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று துவைத்து எடுத்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று கிடந்த பையன்கள் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் நான்கு கோல் போட்டார்கள். அங்கித் பால், மன்மீத் சிங், சாரதா நந்த் திவாரி, அன்மோல் எக்கா என்று ஆளுக்கு ஒன்று. ஒரே ஆளை நம்பாத அணி எப்படி இருக்கும் என்று எழும்பூர் மைதானத்தில் பார்த்தோம். காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில் மடக்கிய கீப்பர் பிரின்ஸ்தீப் சிங்கின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருமகனுக்கும் சொல்லுங்கள்.

அந்த மருமகன் விஷயம்தான் உண்மையில் நீங்கள் கடிதம் எழுதியதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விடலாம். தாராளமாக விடலாம். ஸ்ரீஜேஷும் கொச்சிப் பக்கத்துக் கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் கீப்பர் ஆனார். கீப்பர் உடுப்பு வாங்கித்தர அவர் அப்பா பசுவை விற்றார். 36 வயது வரைக்கும் நாட்டுக்கு ஆடினார். கீப்பர்கள் மெதுவாகத்தான் பழுப்பார்கள். ஒட்டுக்கன்று நட்ட மறுவருஷமே காய் எங்கே என்று மாமா கேட்க மாட்டார் அல்லவா, அதே பொறுமையைப் பையனுக்கும் காட்டச் சொல்லுங்கள்.

மாடு விற்க வேண்டாம், இப்போது வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேர்க்கை உண்டு. உங்கள் பையன் ஒன்பதாவது போகிற சமயம் சரியாக இருக்கிறது. கோடை விடுமுறையை ஒட்டித் தேர்வு நடக்கும், அறிவிப்பை ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். கிருஷ்ணகிரி மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு மாமாவையே கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கள், நீங்கள் தனியாகப் போகாதீர்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளி மாணவர் பிரிவில் ஹாக்கி இருக்கிறது, பள்ளி அணியில் ஒரு முறையாவது ஆட வையுங்கள். படிப்பு போய்விடும், வேலை கிடைக்காது என்று மாமா சொன்னால், விடுதியிலும் பள்ளிப் படிப்பு உண்டு, மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு என்று சொல்லுங்கள். வேலை உறுதி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மாநில அளவில் தேறினால்தான் அந்தக் கதவே திறக்கும்.

அதுவரை ஒரு கண்டிப்பு. கீப்பர் உடுப்பு முழு செட்டும் இப்போதே வாங்க வேண்டாம். வளர்கிற பையன், ஒரு வருஷத்தில் காலில் கட்டும் பேட் பத்தாமல் போகும், செம்மண் தரையில் விழுந்து விழுந்து அதுவும் கிழியும். ஹெல்மெட், கழுத்துக் கவசம், அடிவயிற்றுக் கவசம் மூன்றையும் மட்டும் நல்லதாக வாங்குங்கள், மற்றதைப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். இந்த மூன்றும் மாட்டாமல் அவன் கோலில் நிற்கக் கூடாது, தெருவில் ரப்பர் பந்தில் ஆடினாலும் சரி.