வெளிநாட்டுக் கம்பனியின் உப ஒப்பந்தத்துக்காக வீட்டை ஈடு வைக்கலாமா?

கேள்வி: வவுனியாவில் 14 வருடமாகச் சிறிய ஒப்பந்தக்காரராக இருக்கிறேன், ஒப்பந்தக்காரர்களைப் பதிவு செய்து தரப்படுத்தும் சீடா அதிகாரசபையில் சி7 தரம். பெரிய வேலையெல்லாம் வெளிநாட்டுக் கம்பனிகளுக்கே போகிறது. அப்படி ஒரு கம்பனி, வீதி வேலையில் 8 மதகுகளை உப ஒப்பந்தமாகத் தருகிறது. லீசிங்கில் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) எடுக்க முற்பணம் வேண்டும். வீட்டு உறுதியை ஈடு வைக்கலாமா?

பதில்: வேலையை எடுங்கள். உறுதியைத் தொடாதீர்கள்.

உங்கள் ஆதங்கம் நியாயமானது. சீன எக்சிம் வங்கி சலுகைக் கடன் தரும்போது, கடனோடு சீன ஒப்பந்தக்காரரும் வந்துவிடுகிறார். நம்மவர்களுக்கு மிஞ்சுவது மண்வேலையும் மதகும்தான். இது திறமைக் குறைவால் வந்ததல்ல. மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகம–குருநாகல் பகுதியை உள்ளூர்க் கம்பனிகள்தான் கட்டின. 2022 ஜனவரியில் திறந்தார்கள். அதே நெடுஞ்சாலையில் சீனக் கடனில் நடந்த கடவத்தை–மீரிகம பகுதி, அந்த வருடம் நாடு கடன் கட்ட முடியாமல் போனதும் நின்றது. 2025 செப்டம்பரில்தான் மறுபடி தொடங்கினார்கள். மூன்று வருடம்! லீசிங்காரர் மூன்று மாதம்கூடப் பொறுக்கமாட்டார்.

2022இல் ஓர் ஒப்பந்தக்காரர் என்னிடம் வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை நிறையப் பில்கள். எல்லாவற்றிலும் பொறியியலாளரின் கையெழுத்து இருந்தது, ஒன்றுக்கும் காசு வரவில்லை. அன்று காலையில்தான் அவருடைய பெக்கோவை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்தப் பையை இன்னும் மறக்க முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். மாதம் 40 இலட்சத்துக்கு வேலை செய்து, காசு 90 நாள் கழித்து வந்தால், ஒரு சதம் கைக்கு வருமுன் 1 கோடியே 20 இலட்சத்துக்கு வேலை முடித்திருப்பீர்கள். வரும் முதல் பில்லிலும் 10 வீதம் ரிட்டென்ஷன், அதாவது பிறகு தருவதாக நிறுத்திவைக்கும் பணம், பிடித்தால் 36 இலட்சம்தான். மேசன்மாருக்குச் சம்பளமோ சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை.

அதனால் பெக்கோவை மணித்தியால வாடகைக்கு எடுங்கள். சீமெந்தையும் கம்பியையும் கம்பனியே தரட்டும் என்று கேளுங்கள், முற்பணமும் கேளுங்கள். அப்புறம், ‘பிரதான ஒப்பந்தக்காரருக்குப் பணம் கிடைத்த பிறகே உங்களுக்கு’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ஒரு சட்டத்தரணியைக் கொண்டு பார்ப்பியுங்கள். இருந்தால், அதற்கு ஒரு கடைசித் தேதி போடச் சொல்லுங்கள்.

முற்பணம் தரமாட்டோம் என்றால், சரி, எட்டில் இரண்டு மதகை மட்டும் எடுங்கள். அந்தப் பில்லுக்கு எத்தனை நாளில் காசு வருகிறது என்று பார்த்துவிட்டு மற்ற ஆறைப் பற்றிப் பேசலாம்.