கீழடி புராஜெக்ட்: "ஆறு இருந்தது" மட்டும் போதுமா?

வணக்கம் சகோ. மகளோட கீழடி புராஜெக்ட் "ஆறு இருந்ததால் குடியேறினார்கள்"ங்கிற ஒரே வரியில நிக்குதுன்னு எழுதியிருந்தீங்க. மண்ணையும் சேர்க்கச் சொல்லுங்க. வைகை வண்டல்ல விவசாயம். களிமண்ல பானை, செங்கல், சுட்ட மண் வளையங்களை அடுக்கிக் கட்டின உறைகிணறு. தக்களியும் கிடைச்சிருக்கு, அப்போ நூல் நூத்திருக்காங்க.

வணிகத்துக்குச் சூதுபவள மணிதான் அருமையான சாட்சி. செக்கச்செவேல்னு, நடுவுல துளையோட இருக்கும். அந்தக் கல் வைகைக் கரையில கிடைக்காது. குஜராத், மகாராஷ்டிரா பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கட்டாயம் கூட்டிட்டுப் போங்க, பிள்ளை நேர்ல பார்க்கணும்.

அப்புறம் ஒரு வரைபடம். வைகையை வரைஞ்சு மதுரை, கீழடி, ஆத்து முகத்துவாரத்துக்கிட்ட ரோமானியக் காசு கிடைச்ச அழகன்குளம் மூணையும் குறிக்கச் சொல்லுங்க.